நண்டுத் தட்டில் ஏழு கடல்

உணவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் சுவையைப் பற்றியே எழுதுவர். சுவையோ நாவைக் கடந்தவுடன் மறைந்துவிடுவது. ஆனால், நம் தட்டிலே வந்து விழுந்த பண்டம் எந்தக் கடலைத் தாண்டி வந்தது, எவர் கையாற் சமைந்தது, எவர் உழைப்பால் நம்மை வந்தடைந்தது என்று வினவத் தொடங்கிவிட்டால், அவ்வினாவுக்கு விடை கூறச் சரித்திரமும் பூகோளமும் பொருளியலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். வகுப்பறையிலே படத்தை விரித்து நாம் கற்பிக்கும் பாடங்களை, ஓட்டை உடைத்து உண்ணும் ஒரு நண்டு சில நிமிடங்களிற் கற்பித்துவிடும்.

இன்று சிங்கப்பூரிலும் கொழும்பிலும் கடலுணவுச் சாலைகள் பல உள்ளன. அவற்றுட் சில, மேசை விரிப்பும் வெள்ளிக் கரண்டியும் கொண்டு வந்தவரை மிரட்டும் இடங்கள். அவற்றைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. குடும்பத்தோடு சென்று, சட்டைக் கையை மடித்துவிட்டு, விரல்களாலே பிய்த்து உண்ணக்கூடிய எளிய சாலைகளைப் பற்றியே பேசுகிறோம். அங்கே பரிமாறப்படும் தட்டுகளிலே சீனம், மலாயம், தமிழகம், கேரளம், யப்பான், இத்தாலி எனப் பல தேசத்துக் கைமணம் ஒன்றுசேர்ந்திருப்பதைக் காணலாம். இச்சேர்க்கை எவ்வாறு நேர்ந்தது, இதில் நமக்குள்ள பங்கு யாது, இதற்காக நாம் கொடுக்கும் விலை யாது என்பவற்றை ஆராய்வதே நம் நோக்கம். மரக்கறி உணவினரான நேயர்கள் பொறுத்தருள்க. இது நாவின் கதை மட்டுமன்று, நாடுகளின் கதையுமாகும்.

தள்ளுவண்டியிற் பிறந்த கறி

சிங்கப்பூருக்குச் செல்வோர் தவறாது கேட்டு உண்ணும் பண்டம் மிளகாய் நண்டு. இதைப் படைத்தவர் பெரிய விடுதியொன்றின் தலைமைச் சமையற்காரர் அல்லர். செர் யாம் தியான் என்னும் இல்லத்தரசியே. அவர் வீட்டிலே நண்டை ஆவியில் அவித்துப் பரிமாறுவதே வழக்கமாக இருந்தது. ஒரே வகையாக உண்டு சலித்த கணவர் வேறு விதமாகச் சமைக்கும்படி கேட்க, அவர் தக்காளிச் சோசை ஊற்றி நண்டை வறுத்தார். அது இனிப்பு மிகுந்திருந்தது. உறைப்புச் சேர்த்தால் நன்றாயிருக்கும் என்று கணவர் கூறவே, போத்தலில் விற்கும் மிளகாய்ச் சோசையையும் சேர்த்தார். அயலவர் உண்டு பாராட்டினர். 1956ஆம் ஆண்டில் அத்தம்பதியர் ஒரு தள்ளுவண்டியை வைத்து அக்கறியை விற்கத் தொடங்கினர். 1960களின் தொடக்கத்தில் அவ்வண்டி 'பாம் பீச்' என்னும் உணவுச்சாலையாக வளர்ந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 1963இல் தமது உணவுச்சாலையைத் திறந்த ஹூய் கோக் வாய் என்னும் சமையல் வல்லுநர் அக்கறியை மேலும் மாற்றினார். போத்தற் சோசுக்குப் பதிலாக அரைத்த சம்பலையும் தக்காளிக் கூழையும் சேர்த்தார். வினாகிரியின் புளிப்புக்குப் பதிலாகத் தேசிக்காயின் புளிப்பைக் கொண்டுவந்தார். இறுதியிலே முட்டையை அடித்து ஊற்றிக் குழம்பைத் தடிப்பாக்கினார். இன்று சிங்கப்பூரின் பல சாலைகளிலே கிடைப்பது இவ்விரண்டாவது வகையைத் தழுவியதே.

இங்கே ஒரு சொல்லைக் கவனித்தல் வேண்டும். மிளகாயை அரைத்துச் செய்யும் துவையலை மலாய் மொழியிலே சம்பல் என்பர். நம் வீடுகளிலே தேங்காய்ப்பூவும் மிளகாயும் உப்பும் தேசிக்காயும் சேர்த்து இடிப்பதையும் சம்பல் என்றே நாம் சொல்கிறோம். சிங்களச் சகோதரர்களும் ஏறத்தாழ அவ்வாறே சொல்கின்றனர். ஒரே சொல் மூன்று மொழிகளிலே வாழ்கின்றதென்றால், அச்சொல்லைச் சுமந்து கொண்டு கப்பல்கள் எத்தனை முறை இக்கடலிலே போய் வந்திருத்தல் வேண்டும்!

மிளகு போனது, மிளகாய் வந்தது

மிளகாய் நண்டு ஆசியாவின் பண்டம் என்று நாம் கருதுகிறோம். ஆயினும், அதன் உயிர்நாடியான மிளகாயும் தக்காளியும் ஆசியாவுக்கு உரியவை அல்ல. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492இல் கொலம்பஸ் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும் வரை ஆசியாவில் எவரும் மிளகாயைக் கண்டதில்லை. சோழர் காலத்துச் சமையலிலும், யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் பழைய சமையலிலும் உறைப்புக்கு மிளகும் இஞ்சியும் திப்பிலியுமே உதவியிருத்தல் வேண்டும்.

மிளகைத் தேடியே வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்தார். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர்; 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். மிளகை ஏற்றிக்கொண்டு போன அவர்களுடைய கடல்வழி வாணிகமே மிளகாயை நம் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. புதிய காய்க்குப் பெயர் தேடிய நம் முன்னோர், பழைய மிளகின் நினைவாலே அதனை 'மிளகாய்' என்றழைத்தனர். மிளகைப்போல உறைக்கும் காய் என்பதே அதன் பொருள். ஒரு சிறு சொல்லுக்குள்ளே இரண்டு சமுத்திரங்களின் வாணிபம் அடங்கியிருப்பதை மாணவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

சிங்கப்பூர்ச் சாலைகளிலே மிளகாய் நண்டுக்குப் பக்கத்தில் மிளகு நண்டும் உண்டு. கரிய மிளகை இடித்து, எண்ணெயும் சோயாவும் சேர்த்து வறுப்பது அது. ஒரு மேசையிலே இவ்விரு தட்டுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒன்று நம் கரையிலிருந்து மேற்கே போன உறைப்பு. மற்றது மேற்கிலிருந்து நம் கரைக்கு வந்த உறைப்பு.

வாழையிலையில் மீன்தலை

சிங்கப்பூரிலே மற்றொரு புகழ்பெற்ற பண்டம் மீன்தலைக் கறி. இதன் கதை இன்னும் நயமானது. கேரளத்தைச் சேர்ந்த கோமஸ் என்பவர் 1950ஆம் ஆண்டளவிலே அங்கே ஓர் உணவுச்சாலை நடத்தினார். அவரிடம் உண்ண வந்தவருட் சீனரும் இருந்தனர். சீனருக்கு மீன்தலை பெருவிருப்பான பண்டம். தாடைப் பகுதியின் மென்மையான சதையை அவர்கள் விருந்தினருக்கென்றே ஒதுக்குவர். அவ்விருப்பத்தை அறிந்த கோமஸ், மீன்தலையை எடுத்து நம் நாட்டுக் கறிக் குழம்பிலே இட்டார். தலை சீனருக்காக, குழம்பு தென்னிந்தியாவிலிருந்து. புளியும் கறித்தூளும் வெண்டிக்காயும் கத்தரிக்காயும் சேர்ந்த அக்குழம்பைச் சீனர் சுவைத்தனர், தமிழர் சுவைத்தனர், மலாயரும் சுவைத்தனர். பின்னர் 1969இல் தொடங்கிய 'முத்தூஸ் கறி' முதலிய சாலைகள் அதனைப் பெரும்புகழ் பெறச் செய்தன. இன்றும் 'ரேஸ் கோர்ஸ்' வீதியிலே வாழையிலையின் முன் அமர்ந்து, எவ்வினத்தவரும் அக்கறியை உண்பதைக் காணலாம்.

இவ்விடத்திலே ஓர் உண்மை புலனாகின்றது. கலப்புச் சமையல் என்பது பல தேசத்துச் சரக்குகளை ஒரே சட்டியிற் கொட்டுவதன்று. எதிரே அமர்ந்திருப்பவர் யார், அவர் எதை விரும்புவார் என்று சமைப்பவர் எண்ணிப் பார்ப்பதே அதன் வேர். கோமஸ் தம் வாடிக்கையாளரின் விருப்பத்தை மதித்தார். தம் ஊர்க் குழம்பையும் கைவிடவில்லை. அவ்விரண்டும் சேர்ந்தமையாலேயே அக்கறி நிலைத்தது.

இத்தகைய பண்டங்களுக்கு உரிமை கொண்டாடும் வழக்கும் உண்டு. 2009ஆம் ஆண்டில் மலேசியாவின் சுற்றுலாத்துறை அமைச்சராக இருந்த இங் யென் யென், மிளகாய் நண்டு முதலியன தம் நாட்டுப் பண்டங்களே என்றும், பிறர் அவற்றைத் தமதாக்கிக் கொண்டனர் என்றும் கூற, இரு நாட்டுப் பத்திரிகைகளிலும் விவாதம் மூண்டது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. பதிவேடுகள் வேண்டியவையே. ஆயினும், மிளகாய் தந்த அமெரிக்கப் பழங்குடியினரோ, சோயா தந்த சீன உழவரோ, குழம்பு தந்த கேரளத்துத் தாயரோ எந்தப் பதிவேட்டிலும் தம் பெயரை எழுதிவைக்கவில்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்ளுதல் நன்று.

கொழும்புக் கோட்டையில் ஒரு நண்டுச் சாலை

இனி நம் நாட்டிற்கு வருவோம். சிங்கப்பூர்ச் சாலைகளிலே 'இலங்கை நண்டு' என்றால் தனி மதிப்பு. பெரிய உடலும், இறுகிய சதையும், கனத்த கொடுக்கும் கொண்ட நம் களப்பு நண்டையே அவர்கள் அவ்வாறு அழைக்கின்றனர். சேற்று நண்டு என்றும் இதனைச் சொல்வதுண்டு. கொடுக்குகளைக் கட்டி, ஈரம் காயாமல், குளிர்ச்சியான பெட்டிகளிலே அடுக்கி, உயிரோடு விமானத்தில் அனுப்புவர். ஈரம் இருக்கும்வரை நீருக்கு வெளியே சில நாட்கள் உயிர் தாங்கும் வல்லமை அதற்கு உண்டு. அதுவே அதன் புகழுக்கும் காரணமாயிற்று. நம் சந்தையிலே அது அருகிப்போனதற்கும் காரணமாயிற்று. சிறந்தது கடல் கடந்தது. சிறியதும் கொடுக்கு ஒடிந்ததும் நமக்கு எஞ்சின.

இந்நிலையை மாற்ற எண்ணியவருள் ஒருவர் தர்ஷன் முனிதாச. இலங்கைத் தந்தைக்கும் யப்பானியத் தாய்க்கும் பிறந்த அவர், கிரிக்கெட் வீரர்களான மகேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோருடன் சேர்ந்து 2011 டிசம்பரில் கொழும்புக் கோட்டையிலே ஒரு நண்டுச் சாலையைத் திறந்தார். 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' என்பது அதன் பெயர். நண்டு அமைச்சு என்று நகைச்சுவையாக நாம் மொழிபெயர்க்கலாம். அது அமைந்துள்ள கட்டடமோ, ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிலே தம் மாலுமிகளுக்கும் ஊழியர்களுக்குமாகக் கட்டிய வைத்தியசாலை. கடற்பயணத்தால் நோயுற்றோர் படுத்திருந்த கூடங்களிலே இன்று நண்டின் ஓடு உடையும் ஓசை கேட்கிறது.

அங்கே பரிமாறப்படும் தட்டுகளும் பல தேசத்தவை. உள்ளியும் ஒலிவ் எண்ணெயும் இத்தாலிய முறை. அதனோடு சேரும் செத்தல் மிளகாய்த் தூள் நம் நாட்டுச் சுவை. மேலே தெளிக்கும் சோயா யப்பானியக் கைமணம். மிளகு நண்டுக்கு நம் மிளகை யப்பானியரின் மெல்லிய சாற்றுநீரோடு சேர்க்கின்றனர். 500 கிராமுக்குக் குறைந்த நண்டைத் தாம் சமைப்பதில்லை என்பது அச்சாலையின் விதி. பெரிய நண்டின் விலை நம் போன்ற ஆசிரியரின் மாதச் சம்பளத்திலே கணிசமான பகுதியை விழுங்கிவிடும் என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும், நம் சிறந்த பொருளை நம் மண்ணிலேயே பரிமாறலாம் என்று காட்டியமை பாராட்டத் தக்கதே. அதன் பின்னர், குறைந்த விலையிலே நண்டும் இறாலும் கணவாயும் பல நாட்டு முறையிற் பரிமாறும் எளிய சாலைகள் கொழும்பிலும் கரையோர நகரங்களிலும் பெருகியுள்ளன.

மேசையில் அமர்ந்தால்

இத்தகைய சாலைக்குக் குடும்பத்தோடு செல்வோர்க்குச் சில குறிப்புகள் பயன்படும்.

நண்டைத் தெரிவு செய்யும்போது அதன் பருமனை மட்டும் பார்த்தல் ஆகாது. கையிலே தூக்கி நிறையைப் பார்த்தல் வேண்டும். நண்டு வளரும்போது தன் பழைய ஓட்டைக் கழற்றிவிடும். புதிய ஓடு முற்றாத நாட்களிலே உள்ளே சதை குறைந்து நீரே மிகுந்திருக்கும். உருவத்திற்கேற்ற கனம் இல்லாத நண்டு அத்தகையது. அடிப்புற ஓட்டை அழுத்திப் பார்த்தால், முற்றிய நண்டின் ஓடு வளைந்து கொடுக்காது. வயிற்றின் கீழுள்ள மடல் ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். உயிரற்றுக் கிடக்கும் நண்டை வாங்குதல் கூடாது. அதன் சதை மிக விரைவிலே கெட்டுவிடும்.

பச்சையும் கபிலமுமாக இருந்த நண்டு அடுப்பில் ஏறியதும் சிவந்துவிடுவது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதன் ஓட்டிலே அஸ்டசாந்தின் என்னும் செந்நிறப் பொருள் முன்னரே உள்ளது. உயிருள்ளபோது அது ஒரு புரதத்தோடு பிணைந்து தன் நிறத்தை மறைத்துக்கொள்கிறது. சூட்டினால் அப்புரதம் சிதைய, மறைந்திருந்த சிவப்பு வெளிப்படுகிறது. இறாலுக்கும் இதே நியதிதான்.

உறைப்புத் தாங்காது பிள்ளைகள் தண்ணீரைக் கேட்டு அழுதால், தண்ணீர் அதிகம் உதவாது. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின் நீரிற் கரைவதில்லை, கொழுப்பிலே கரைகிறது. ஆதலின் தயிரோ பாலோ ஒரு மிடறு கொடுத்தால் எரிச்சல் தணியும். நம் பாட்டிமார் உறைப்பான நண்டுக் கறிக்கு முதற்பாலை இறுதியிற் சேர்த்தமையின் பொருளும் இதுவே. சிங்கப்பூரிலே மிளகாய் நண்டோடு இனிப்பான சிறு சீனப் பாண்களைத் தருவர். குழம்பை ஒற்றி உண்ணவும் உறைப்பைத் தணிக்கவும் அவை பயன்படும்.

நண்டை உண்பதிலே மற்றொரு சிறப்பும் உண்டு. அதனை அவசரமாக உண்ண இயலாது. ஓட்டை உடைத்தல் வேண்டும். கொடுக்கைப் பிளத்தல் வேண்டும். தந்தை உடைத்துத் தர மகள் உண்பாள். பேரன் உடைக்கக் கற்றுப் பாட்டிக்குக் கொடுப்பான். கைகள் இரண்டும் குழம்பில் தோய்ந்திருக்கையில் எவரும் கைத்தொலைபேசியை எடுக்க முடியாது. ஒரு மணி நேரம் குடும்பம் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதற்கு, இக்காலத்திலே இதைவிடச் சிறந்த உபாயம் வேறு யாதுளது?

நம் கூழும் உலகக் கூழே

"இவையெல்லாம் அந்நியச் சமையல், நமது ஒடியற் கூழுக்கும் நண்டுக் குழம்புக்கும் ஈடாகுமா?" என்று கேட்போர் உளர். அவர்களுடைய பற்றை நாம் மதிக்கிறோம். வறுத்தரைத்த கறித்தூளும், தேங்காய்ப் பாலும், புளியும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறக்கும் தறுவாயில் முருங்கை இலை தூவும் யாழ்ப்பாணத்து நண்டுக் குழம்புக்கு ஈடு சொல்லுதல் அரிது. ஆனால் 'அந்நியம்' என்னும் சொல்லைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

கூழ்ப் பானைக்குள் எட்டிப் பார்ப்போம். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மா இருக்கிறது. மீனும் நண்டும் இறாலும் இருக்கின்றன. பலாக்கொட்டையும் பயற்றங்காயும் இருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கு இருக்கிறது. செத்தல் மிளகாய் இருக்கிறது. இவற்றுள் மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயின் கதையை மேலே கண்டோம். பனையோலைப் பிளாவிலே ஊற்றிக் குடிக்கும்போது இதைவிட நம்முடையது வேறொன்றில்லை என்று நெஞ்சம் நிறைகிறது, அந்நிறைவு பொய்யன்று. ஆயினும், அந்த நம்முடைமையிலே இரு அந்நியப் பயிர்கள் குடிபுகுந்து, பல தலைமுறையாக உறவினர் ஆகிவிட்டன. ஆகவே கலப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வந்ததை நம் பானைக்குள் அடக்கிச் சமைக்கத் தெரிந்திருந்த கை இருந்தமையாலேயே நம் சமையல் வாழ்ந்தது.

அஞ்ச வேண்டியது வேறொன்றை. செர் யாம் தியானின் கறி தள்ளுவண்டியிலிருந்து ஒரு நாட்டின் அடையாளமாக உயர்ந்தது. அவர் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. நம் வீடுகளிலே அதற்கு நிகரான கைகள் எத்தனையோ இருந்தன. ஆனால் எந்தத் தாய் முதன்முதலில் முருங்கை இலையை நண்டோடு சேர்த்தாள் என்று எவருக்குத் தெரியும்? எந்தக் கரையூரில் எந்த அளவிலே கறித்தூள் வறுத்தனர் என்று எழுதிவைத்தவர் எத்தனை பேர்? போரும் இடப்பெயர்வும் குடும்பங்களைக் கொழும்புக்கும் தொரொன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சிதறடித்தன. கைப்பழக்கமாக மட்டும் இருந்த அறிவு, அக்கை ஓய்ந்ததும் மறைந்துவிடுகிறது. பிற நாட்டுச் சுவை வருவதால் நம் சுவை அழிவதில்லை. சொல்லிக் கொடுப்பார் இல்லாமையாலும் கேட்பார் இல்லாமையாலுமே அழிகிறது.

களப்பின் கணக்கு

இறுதியாக, தட்டிலிருந்து தண்ணீருக்குச் செல்வோம். களப்பு நண்டின் வாழ்வு கண்டற் காடுகளைச் சார்ந்தது. கண்டல் வேர்களின் இடையே உள்ள சேறே அதன் குடியிருப்பு. குஞ்சு நண்டுகள் ஒளிந்து வளரும் தொட்டிலும் அதுவே. முட்டையிடும் பருவத்திலே பெண் நண்டு களப்பை விட்டு உவர்ப்பு மிகுந்த கடலுக்குச் செல்கிறது. ஒரு நண்டு பல இலட்சம் முட்டைகளைச் சுமக்கும். அவற்றுள் மிகச் சிலவே பிழைத்துக் களப்புக்கு மீண்டு வளரும். முட்டை சுமந்த ஒரு நண்டைச் சட்டியில் இடுபவர், ஒரு நண்டை மட்டும் உண்பதில்லை.

1980களிலும் 1990களிலும் புத்தளம், சிலாபம் பகுதிகளிலே இறால் வளர்ப்புக் குளங்களுக்காகக் கண்டற் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. பின்னர் நோய் பரவி, குளங்கள் பல கைவிடப்பட்டன. காடும் போயிற்று, இறாலும் போயிற்று. அப்பாடத்தைக் கற்றமையாற் போலும், 2015இல் நாட்டின் கண்டற் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இலங்கையின் கண்டல் மீள்நடுகைப் பணியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரிப் பணிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இது நமக்குப் பெருமை, பொறுப்புங்கூட.

வடக்கிலே பாக்கு நீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் பிடிபடுவது பெரும்பாலும் நீல நிறங்கொண்ட கடல் நண்டு. அதன் சதையைப் பிரித்தெடுத்து அடைத்து ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்புகின்றனர். அத்தொழிற்சாலைகளிலே சதை பிரிக்கும் கைகளுட் பல, நம் பெண்களின் கைகள். 2009இற்கு முன்னர் போர்க்காலத் தடைகளால் கடலுக்குச் செல்ல இயலாதிருந்த மீனவர், பின்னர் மாலையில் வலையை விரித்துக் காலையில் எடுக்கச் செல்லலாயினர். ஆனால் அடிக்கடலை வாரியிழுக்கும் இழுவை வலைகள் இரவிலே அவ்வலைகளை அறுத்துச் செல்லும் துயரம் அவர்களைத் தொடர்ந்தது. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அடித்தள இழுவைத் தொழிலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. சட்டம் ஏட்டில் நிற்பது. வலையோ நீரில் நிற்பது. ஒரு வலை அறுந்தால் ஒரு வீட்டின் பல வார உணவு அறுகிறது என்பதை, அந்நண்டைக் குளிரூட்டிய அறையிலே உண்போர் அறிதல் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

இவ்வளவையும் அறிந்த பின் நண்டையே உண்ணாது விடுதல் வேண்டுமோ என்று ஐயுற வேண்டாம். அவ்வாறு விட்டால் வலை விரித்தவனுக்கு வாழ்வில்லை. அறிந்து உண்ணுதலே வேண்டுவது. கடலுணவுச் சாலையிலோ சந்தையிலோ மூன்று கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தை நம் குடும்பங்கள் மேற்கொள்ளலாம். இந்நண்டு எந்த நீரிலிருந்து வந்தது? இதன் நிறை என்ன? இது முட்டை சுமந்ததா? கேட்போர் பெருகினால், விற்போர் விடை தேடுவர்; விடை தேடுவோர் சிறு நண்டையும் சினை நண்டையும் நீரிலேயே விடும்படி கேட்பர். பெரிய சாலையொன்று 500 கிராமுக்குக் குறைந்ததைத் தொடுவதில்லை என்று விதி வகுத்து நடத்த முடியுமாயின், நம் வீட்டுச் சட்டிக்கும் ஒரு விதி இருக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாட்டியோ அம்மம்மாவோ சமைக்கும்போது ஓர் அப்பியாசக் கொப்பியோடு அடுக்களையிலே அமருங்கள். "கைக்கணக்குத்தான் பிள்ளை, அளவெல்லாம் எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்வார். அக்கையிலே எத்தனை கரண்டி கொள்ளுமென்று அளந்து எழுதுங்கள். எப்போது பால் விட்டார், எப்போது முருங்கை இலை இட்டார், மல்லி எவ்வளவு சிவக்க வறுத்தார் என்பவற்றை எழுதுங்கள். அதனோடு, ஒவ்வொரு சரக்கும் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தேடி ஒரு நிரலிலே குறியுங்கள். சமையற் குறிப்பும் கிடைக்கும். உலகப் படமும் கிடைக்கும்.

ஒரு சீன இல்லத்தரசியின் கறியைத் தேடி உலகமே சிங்கப்பூருக்குப் போகிறது. நம் களப்பு நண்டும் அங்கே போகிறது. நண்டு போன வழியிலே, அதனைச் சமைக்கும் நம் கையறிவும் ஒருநாள் பெயரோடும் மதிப்போடும் போகட்டும். அதற்கு முன்னே, அக்கையறிவு நம் வீட்டுக் கொப்பியிலே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நண்டு நம் களப்பிலே எஞ்சியிருத்தல் வேண்டும்.